உறுப்பினர் எண் 4001

அந்தக் கடிதம் பத்துப் பேருக்குப் போக வேண்டியது. எல்லோருக்கும் போய்விட்டது.

2009 பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். தென்கோடிக் கடலோர ஊரான ரிவர்டனின் கால்நடை ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை என்னுடையது. காதுக்கும் தோளுக்கும் நடுவே டெலிபோன், எதிரே கூண்டுக்குள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்த ஓர் ஆரஞ்சுப் பூனை, கைகள் இரண்டும் கம்ப்யூட்டரில். எங்கள் இசைக்குழுவின் வெப்சைட்டிலிருந்து ரசிகர்களுக்கு வாராவாரம் கடிதம் அனுப்புவதை நான் சாப்பாட்டு நேரத்தில்தான் செய்வேன். யாருக்கு அனுப்ப என்று கேட்கும் இடத்தில் 'குலுக்கலில் வென்றவர்கள்' என்று ஒரு வரி. அதற்கு நேர் மேலே 'எல்லா உறுப்பினர்களும்'. போனில் இருந்த அம்மாள் தன் நாய் ஒரு காலுறையை விழுங்கிவிட்டதாகச் சொன்னாள். "சின்னதா, முழங்கால் வரைக்கும் வர்றதாங்க?" என்று கேட்டபடியே பொத்தானை அழுத்தினேன்.

திரையில் வந்தது: அனுப்பப்பட்டது, 231.

கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன், படித்தால் ஏதோ மாறிவிடப் போகிறதுபோல. "எங்கள் புது ஆல்பத்தை உலகத்திலேயே முதலில் கேட்கப் போகும் பத்துப் பேரில் நீங்களும் ஒருவர். சனிக்கிழமை பகல் இரண்டு மணி. கோலாக் பே, நெவிலின் கம்பளிக் கொட்டகை. வழியும் போன் நம்பரும் கீழே. வாசலில் உங்கள் உறுப்பினர் எண்ணைச் சொல்லுங்கள். சாப்பிட ஒரு தட்டு ஏதாவது கொண்டுவாருங்கள். அன்புடன், ஹோஹெபா."

இருநூற்று முப்பத்தொரு பேர் ஆளாளுக்குத் தான் அந்தப் பத்தில் ஒருவர் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது ஒரு பயம். ஆனால் என்னை உட்காரவிடாமல் அடித்தது அது இல்லை. அந்த 231 என்ற எண் எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் வெப்சைட்டின் முகப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஓடிக்கொண்டிருந்த எண் 4,231.

எங்கள் குழுவின் பெயர் ஸ்லாக் வாட்டர். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் கடல் கொஞ்சம் நிற்குமே, அந்த நேரத்துக்கு மீனவர்கள் சொல்லும் பெயர். மூன்று பேர். பாட்டெழுதிப் பாடுவது ஹோஹெபா, பௌலெட்டின் கணவன், பிழைப்பு இறைச்சி ஆலையில். டிரம்ஸ் ஷேன், ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிறவன், ஆட்டுப் பண்ணைக்காரர் நெவிலின் மகன். பேஸ் கித்தாரும் வெப்சைட்டும் நான். அதை 'அதிகாரபூர்வ வெப்சைட்' என்று நான் எழுதி வைத்ததற்கு, அதிகாரம் இல்லாத இன்னொன்றை எவன் நடத்துகிறான் என்று ஷேன் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ரேடியோ எங்களைப் போடவில்லை. பக்கத்து நகரமான இன்வர்கார்கிலின் கடையில் எங்கள் சிடி, யோகாசன சிடிகளுக்குப் பக்கத்தில் தூசி தின்றது. ரசிகர்களை நாமே நேரில் பிடிக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தால் ஒரு பாட்டு இலவசம், ஓர் உறுப்பினர் எண், வாரம் ஒரு கடிதம். கடிதத்தை ஹோஹெபா எழுதுவதுபோல நான் எழுதுவேன். மழையில் ஒழுகிய வேன், பாட்டு யோசித்ததில் கருகிப்போன இறைச்சி, முடியாத பாட்டின் முதல் இரண்டு வரி. ஆல்பம் அட்டைக்கு எந்தப் படம் என்று ஓட்டுப் போடச் சொல்வேன். கடிதத்தின் தலையில் அவரவர் பெயரைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். யாரும் பாட்டை வாங்குவதில்லை, தன்னை ஒருத்தன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைத்தான் வாங்குகிறார்கள். இதைக் கண்டுபிடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெப்சைட்டைத் திறந்த அன்று 'நம்மோடு இருப்பவர்கள்' என்ற இடத்தில் 1 என்று இருந்தது. அந்த ஒன்று நான். படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்க என் பெயரையே போட்டிருந்தேன். ஒன்று என்று பார்த்தால் எவன் சேருவான்? ஆளில்லாத மீன் வறுவல் கடைக்குள் யாரும் நுழைவதில்லை. எண்ணை நாலாயிரத்துக்கு மேல் தொடங்க வைத்தேன். நான் 4001 ஆனேன். வெளியாட்களுக்காகப் பூசிய சாயம்தான், சத்தியமாக. ஆறு வாரம் கழித்து, கம்ப்யூட்டர் பக்கமே போகாத ஹோஹெபா நூலகத்திலிருந்து போன் செய்தான். "ரொஷ், நாலாயிரத்துப் பதினேழு பேரா? நம்ம பாட்டுக்கா?" என்றான். அந்த எண்ணை இரண்டு தடவை திரும்பச் சொன்னான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த நாளை மூன்று வருஷமாக வரவில்லை.

நிகழ்ச்சிக்கு முப்பது பேர் வந்த நாட்களில், "நம்ம ஆளுங்க எல்லாம் நார்வேல இருக்காங்க, பிரேசில்ல இருக்காங்க" என்பேன். ஒரு நார்வேக்காரர் உண்மையிலேயே இருந்தார். பிரேசில் என் கைச்சரக்கு.

கடிதம் போன இருபதாவது நிமிஷம் ஷேன் கூப்பிட்டான். பின்னால் கத்தரிக்கும் எந்திரத்தின் இரைச்சல்.

"ரொஷ், எங்கப்பா போன் விடாம அடிக்குது. ஓமருவிலேருந்து ஒரு பொம்பள, கூடாரம் அடிச்சுக்கலாமான்னு கேக்குறா. பத்துப் பேருன்னுதானே சொன்ன?"

"கை தவறிடுச்சு."

"எவ்ளோ தவறிடுச்சு?"

"எல்லாருக்கும் போயிடுச்சு."

எந்திரம் நின்றது. "நாலாயிரம் பேருக்குமா?"

இல்லை, இருநூற்றுச் சொச்சம்தான் என்று சொல்ல வேண்டிய இடம் இதுதான். வாய் திறந்தது. வந்தது வேறு.

"ஆமா."

"அடிப்பாவி," என்றான் ஷேன். "அந்தக் கொட்டகையில எழுபது ஆடு நிக்கிறதுக்கே மூச்சு முட்டும்."

உடனே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். தவறுதலாகப் போய்விட்டது, தயவுசெய்து வர வேண்டாம். அனுப்பும் முன் ஹோஹெபாவே வந்து நின்றான். ஆலையின் வெள்ளை ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. ஷேன் சொல்லியிருந்தான். அந்தப் பெரிய முகம் முழுக்கச் சிரிப்பு.

"அனுப்பாத. ஒருத்தரையும் வர வேணாம்னு சொல்லாத."

"ஹோஹெபா, இடம் பத்தாது."

"புல்தரை இருக்கே. நான் கொட்டகை வாசல்ல நின்னு பாடுறேன்." மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றினான். "ரொஷ், உன்கிட்ட இன்னும் சொல்லல. பௌலெட்டோட அண்ணன் கடலுக்கு அந்தப் பக்கம் பெர்த்ல எனக்குச் சுரங்கத்துல வேலை பேசி வச்சிருக்கான். வருஷம் முழுக்க வேலை, வீடு, பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம், எல்லாம். திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். ரெண்டு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. இங்க ஆலை வருஷத்துல அஞ்சு மாசம் மூடிக் கிடக்குது, அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா நாலாயிரம் பேர் நம்ம பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கும்போது எப்படிடி போறது?"

"அதுக்கும் இதுக்கும்..."

"இருக்கு. சனிக்கிழமை அதுல பத்துல ஒரு பங்கு வரட்டும். நானூறு பேரு. வந்துட்டா பெர்த் வேணாம்னு சொல்லிடுவேன். வரலேன்னா நம்ம பாட்டு அவ்வளவுதான். கித்தார வித்துட்டுப் போறேன்."

அவன் போன பிறகு அந்த மன்னிப்புக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 231 பேரிலிருந்து நானூறு பேர் எப்படி வருவார்கள்? வர முடியாது. அப்படியானால் அவன் என்ன நினைப்பான்? நாலாயிரம் பேர் தன் பாட்டைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று. இல்லாத ஆட்கள் அவனைக் கைவிடப் போகிறார்கள், அந்த இல்லாத ஆட்களைப் பெற்றுப் போட்டவள் நான்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன், மணிக்கு நாற்பது தடவை. பகலெல்லாம் பூனைக்குத் தடுப்பூசி நேரம் குறித்துக் கொடுக்கிற எனக்கு, உலகத்தில் நான் யாரோ ஒருத்தியாக இருந்த ஒரே இடம் அந்த வெப்சைட். நாலாயிரத்தைத் திரட்டியவள் என்று ஷேன் என்னைப் போகிற இடமெல்லாம் அறிமுகப்படுத்துவான். பொய் என்று தெரிந்தும் அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. கேவலம்தான்.

வியாழக்கிழமை பௌலெட் தன் நாயை ஊசிக்குக் கூட்டி வந்தாள். ஹோஹெபாவின் மனைவி அதிகம் பேசமாட்டாள். நாய் உள்ளே போனதும் என் மேசைக்கு வந்தாள்.

"உன்னை ஒண்ணு கேக்கணும். சண்டைக்கு வரல."

"கேளு."

"அந்த நாலாயிரம் நெசமா?"

என் கை நாயின் ஊசிக் குறிப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் போட்டது.

"வெப்சைட்லயே போட்டிருக்கே, பௌலெட்."

"வெப்சைட்ல போட்டிருக்கறது எனக்கும் தெரியும். உன்னைக் கேக்குறேன். நெசம்னா நான் வாயை மூடிக்கிறேன். அவன் பாடுறதைத் தடுத்தவள்னு எனக்குப் பேரு வேணாம். எங்கண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நெசம்தானே?"

"ஆளுங்க இருக்காங்க," என்றேன். அது பொய் இல்லை. அதுதான் அதிலேயே மோசம். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள், நம்பிவிட்டாள்.

அதற்குள் ஊரே கிளம்பிவிட்டது. சாலையோர மேய்ச்சல் நிலத்திலிருந்து நெவில் தன் கிடாக்களை ஓட்டி, கார் நிறுத்த இடம் செய்துவிட்டார். ஊருக்கு ஒரே போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, ஆம்புலன்சுக்கு வழி விட வேண்டும் என்று கயிறு கட்டினார். இன்வர்கார்கிலிலிருந்து ஆறு நகரும் கழிப்பறைகள் லாரியில் வந்து இறங்கின. சமூகக்கூடத்துப் பெண்கள் இரண்டு நாளாக உட்கார்ந்து ரொட்டித் துண்டில் சீஸ் தடவி அறுநூறு சீஸ் ரோல் சுருட்டினார்கள். வருகிறவர்கள் தட்டோடு வருவார்கள்தான், ஆனால் ஊர் மானம் என்று ஒன்று இருக்கிறதே. எனக்கு அந்த ஆறு கழிப்பறைகளைப் பார்த்ததும் அதில் ஒன்றுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை மாலை, இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று ஹோஹெபா வீட்டுக்குப் போனேன். அவன் முற்றத்தில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டு நான் பார்த்ததே இல்லை. இரண்டு பெண் குழந்தைகளும் அட்டையில் 'வருக' என்று வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் என்னிடம், "நாலாயிரம்னா எத்தனை பஸ்?" என்று கேட்டாள்.

"எண்பது," என்றான் ஹோஹெபா. "நேத்தே கணக்குப் போட்டாச்சு. என்ன ரொஷ், சொல்லு, ஏதோ சொல்ல வந்தியே."

"நாளைக்கு மூணாவது பாட்டுல நான் கொஞ்சம் மெதுவா போறேன்," என்றேன்.

"போ, போ. நீ எப்பவும் மெதுவாதானே போற."

தெற்கிலிருந்து காற்று எழுந்தது. காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒரு மணிக்கே எல்லோரும் தயார். ஹோஹெபா வெள்ளைச் சட்டையில் கொட்டகை வாசலில் நின்றான், சாலையைப் பார்த்தபடி. நெவில் பெரிய கேட் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ஆடு எண்ணும் கருவி, கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று கூடும். மடியில் உறுப்பினர் எண்களை எழுத ஒரு நோட்டு. கடிதத்தில் எண் கேட்பதாக நான்தானே எழுதியிருந்தேன்.

இரண்டு மணி. சாலையில் ஒரு பால் லாரி போனது.

இரண்டே காலுக்கு முதல் கார். ஓமருப் பெண், எண் வைத்திருந்த தன் கணவனோடு, கையில் மாவுக்குள் முட்டையும் பன்றி இறைச்சியும் வைத்துச் சுட்ட பண்டம் ஒரு தட்டு. பிறகு இரண்டு கார். பிறகு சைக்கிளில் ஒருவர். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் விட்டு விட்டு, நாலைந்து பேர் அடைத்த சில வண்டிகள். காற்று 'வருக' அட்டையைப் பிடுங்கி வேலியில் ஒட்ட வைத்தது. சீஸ் ரோல்களை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் மெல்ல அடுக்குவதை நிறுத்தினார்கள். போலீஸ்காரர் தான் கட்டிய கயிற்றின் மேல் சாய்ந்துகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஹோஹெபா ஒவ்வொரு காருக்கும் தலையை உயர்த்தினான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாக உயர்த்தினான். அதை என்னால் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

மூன்று மணிக்குச் சாலை ஓய்ந்துவிட்டது. நெவில் கருவியை உயர்த்திக் காட்டினார். ஐம்பத்தெட்டு.

ஹோஹெபா உள்ளே போய்க் கம்பளி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான். ஷேன் அவனிடம் போய்த் திரும்பி வந்தான். டிரம் குச்சிகளைப் பைக்குள் போட்டான்.

"பாட மாட்டேங்கறான் ரொஷ். 'நாலாயிரத்துல அம்பத்தெட்டுடா, ஆட்டுக்கு நோய் வந்தாக்கூட இதைவிட அதிகம் மிஞ்சும்'ங்கறான். நீ போய்ப் பேசு. எனக்கு ஒண்ணும் வர மாட்டேங்குது."

வெளியே ஐம்பத்தெட்டுப் பேர் புல்லில் போர்வை விரித்து உட்கார்ந்து, ஒருவர் தட்டிலிருந்து ஒருவருக்குக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தாங்கள் குறைச்சல் என்று அவர்களுக்குத் தெரியாது. பத்துப் பேர்தான் என்று நினைத்து வந்தவர்களுக்கு அது திருவிழாக் கூட்டம். நான் கால் நகராமல் நின்றேன். அப்போது நெவில் நோட்டோடு வந்தார்.

"ஏம்மா, இங்க வா. எனக்கு ஒண்ணு புரியல." நோட்டை விரித்தார். ஆட்டுக் கணக்கு எழுதும் அதே தடித்த பென்சில். "நாலாயிரத்து ஏழு. நாலாயிரத்து நூத்திப் பன்னண்டு. நாலாயிரத்து அறுபது. நாலாயிரத்துப் பத்தொம்பது. அம்பத்தெட்டும் இப்படித்தான். நாலாயிரத்துக்குக் கீழ ஒண்ணுகூட இல்ல."

நான் நோட்டை மூடப் பார்த்தேன்.

"நாப்பது வருஷமா ஆட்டுக்குக் காதுல எண் வில்லை போடுறேன். ஒரு மந்தை வந்து, எல்லாக் காதுலயும் நாலாயிரத்துக்கு மேலயே இருந்தா, முதல் நாலாயிரம் மலையில மேயுதுன்னு நான் நினைக்க மாட்டேன். வில்லையையே அங்கேருந்து ஆரம்பிச்சிருக்கான்னுதான் நினைப்பேன்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லல. கொட்டகை என்னுது, குளறுபடி உன்னுது."

சொல்லிவிட்டு சீஸ் ரோல் பக்கம் போய்விட்டார்.

எனக்கு அப்போதுதான் அந்தக் கணக்கு தலையில் விழுந்தது. இத்தனை நாள் பயத்தில் நான் அதைப் போட்டே பார்க்கவில்லை. இருநூற்று முப்பத்தொன்றில் ஐம்பத்தெட்டு. நான்கில் ஒருவர். சிலர் நாலு மணி நேரம் வண்டி ஓட்டி, காற்றில், தட்டோடு, உலகத்தின் கடைசிக் கரைக்கு வந்திருக்கிறார்கள். அவன் கேட்டதே பத்தில் ஒன்றுதான். இன்றைக்கு அவன் ஜெயித்திருந்தான், அது அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிய வேண்டும் என்றால் நான் வாயைத் திறந்தாக வேண்டும்.

கம்பளி மூட்டைகளுக்குப் பின்னால் போனேன். வெள்ளைச் சட்டையில் கம்பளிப் பிசுக்குக் கறை. அவன் நிமிரவில்லை. பௌலெட் பக்கத்தில் மண்டியிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வெளியே போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வேண்டாம், அவளும் கேட்கட்டும்.

"ஹோஹெபா, நாலாயிரம் இல்ல."

"என்ன?"

"நாலாயிரம் பேர் இல்ல. எப்பவும் இல்ல. நான்தான் எண்ணை அங்கேருந்து ஆரம்பிச்சேன். மொத்தமே இருநூத்தி முப்பத்தொண்ணு."

கொட்டகைத் தகரம் காற்றில் படபடத்தது.

"பிரேசில்?" என்றான் மெதுவாக.

"இல்ல."

"நார்வே?"

"அவர் இருக்கார். ஒருத்தர்."

பௌலெட் அவன் கையை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். "நான் உன் மூஞ்சிக்கு நேரா கேட்டேன்," என்றாள். "சண்டைக்கு வரலன்னு சொல்லிட்டுக் கேட்டேன்."

"தெரியும்."

"வேலை வேணாம்னு அண்ணன்கிட்ட நேத்தே சொல்லியிருப்பேன். இவன்தான் திங்கட்கிழமை வரைக்கும் பொறுன்னான். தெரியுமா உனக்கு?"

"அவனை வச்சு விளையாடணும்னு செய்யல. அவன் சந்தோஷப்பட்டான். அதைக் கெடுக்க எனக்குத் தைரியம் இல்ல. அப்புறம் எனக்கே அது பிடிச்சுப் போச்சு. மன்னிப்புக் கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் கேளு ஹோஹெபா. வெளிய இருக்கறது நாலாயிரத்துல அம்பத்தெட்டு இல்ல. இருநூத்தி முப்பத்தொண்ணுல அம்பத்தெட்டு. நாலு பேர்ல ஒருத்தர் வந்திருக்காங்க. உன் பாட்டைக் கேக்கறதுக்கு."

அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். ஆலைக் கத்தி கீறிய தழும்புகள். பிறகு கேட்டான்.

"அந்த இருநூத்தி முப்பத்தொண்ணுல நீயும் ஒண்ணா?"

"ஆமா. 4001."

"அப்ப இருநூத்தி முப்பது," என்றான்.

எழுந்தான். கித்தாரை எடுத்தான். என்னைத் தாண்டி நடந்து வாசலுக்குப் போய், ஒலிவாங்கியை ஒதுக்கிவிட்டு, புல்லில் இருந்தவர்களைக் கொட்டகைக்குள் வரச் சொன்னான். எழுபது ஆடு நிற்கும் இடத்தில் ஐம்பத்தெட்டுப் பேர் தாராளமாக நின்றார்கள். பேஸ் இல்லாமலே பாடினான். சேரும்போது எல்லோருக்கும் இலவசமாகப் போன பாட்டு முடிந்ததும், "இந்தப் பாட்டு யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முடிக்காத பாட்டு என்று நான் இரண்டு வரி மட்டும் எழுதி அனுப்பியிருந்ததை, ஓமருப் பெண் இரண்டு வரியையும் உரக்கச் சொல்லி, மீதி என்ன என்று கேட்டாள். அவன் மீதியைப் பாடினான். அவன் குரல் அவ்வளவு நன்றாக நான் கேட்டதில்லை. கழிப்பறைகளின் ஓரத்தில் நின்றுதான் கேட்டேன். உள்ளே போக எனக்கு எண் இல்லை.

அந்த வாரம் முழுவதும் ரிவர்டனில் எல்லார் வீட்டிலும் சீஸ் ரோல்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஷேன் வந்து வெப்சைட்டின் கடவுச்சொல்லை வாங்கிப் போனான். கிண்டல் எதுவும் செய்யவில்லை, அதுதான் வலித்தது. போகும்போது மட்டும், "திங்கட்கிழமை பெர்த்துக்குச் சரின்னு சொல்லப் போறான்," என்றான். "'பாட்டு நல்லாத்தான் இருக்கு, அது தெரிஞ்சுபோச்சு, இனிமே எங்க இருந்தாலும் எழுதுவேன்'ங்கறான். போறதுக்கு முன்னாடி இருநூத்தி முப்பது பேருக்கும் தனித்தனியா அவனே எழுதப் போறானாம். ரெண்டு விரல்ல தட்டிக்கிட்டு இருக்கான், பாவம்."

செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், பழக்கத்தில் வெப்சைட்டைத் திறந்தேன். 'நம்மோடு இருப்பவர்கள்' என்ற இடத்தில் 230 என்று இருந்தது. அந்தச் சின்ன எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொய்யை அழித்ததோடு ஷேன் என்னையும் அழித்திருந்தான். நியாயம்தான். நியாயமாக இருந்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

கீழே இருந்த படிவத்தில், எல்லோரையும்போல, என் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்பினேன். எண் 231 ஆனது. அதன் பிறகு நாள்தோறும் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வாசலில் பெயரைச் சொல்லிவிட்டு நிற்கிறவளைப்போல இருந்தது. நாலு நாள் போனது. ஒரு வாரம் போனது. ஹோஹெபாவின் கடிதம் தங்களுக்கு வந்துவிட்டது என்று மற்றவர்கள் வெப்சைட்டில் எழுதியிருந்தார்கள். எனக்கு இல்லை.

ஒன்பதாம் நாள் வந்தது.

"ரொஷ், ஞாயிற்றுக்கிழமை பகல் ரெண்டு மணி, நெவில் கொட்டகை. புதன்கிழமை நாங்க கிளம்பறோம். பேஸை எடுத்துட்டு வா, ஒரு தட்டும் கொண்டு வா. சீஸ் ரோல் மட்டும் வேணாம்."

அதை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. பூனைகள் கத்தின, போன் அடித்தது, நான் எடுக்கவில்லை. படிவத்தில் நான் கொடுத்திருந்த பெயர் ரொஷெல். கம்ப்யூட்டர் போட்டிருந்தால் அதைத்தான் போட்டிருக்கும்.